கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?



எங்கள் மாதாந்தக் கூட்டங்களில் வாழ்வாதாரக் கடன், பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி என்று எல்லாவற்றையும் பேசி முடித்துத் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பிள்ளை, கனடா எவ்வளவு தூரம்? பிளேனிலை எத்தினை மணித்தியாலம்?" கேட்பதற்கு இது பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரக் கேள்வி போல இருக்கும். ஆனால் இதைக் கேட்கும் பெண்கள் யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறப் போகிறவர். இன்னொருவர், தாயார் கண்மூடினால் அண்ணன் வந்து சேர எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறவர். மற்றவர், முகவர் ஒருவரிடம் மகனை ஒப்படைப்பதற்காகக் காணியை ஈடு வைக்க யோசிப்பவர். மூவருக்கும் விடை ஒன்றல்ல. ஆகவே இந்த மாதப் பக்கத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தோடம்பழமும் நூலும்

முதலில் தூரத்தைப் பார்ப்போம். கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையில் மிகக் குறுகிய வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வீதி வழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தப் பாதையை 35 தரம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ரொறன்ரோ வரும். பூமியை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதனால் பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் 20,000 கிலோமீற்றருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் போயிருக்கும் ஊர் அந்த ஆகக்கூடிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது.

சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்ப்பவர்கள், விமானம் அரபுநாடு, ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் என்று நேராக மேற்கே போகும் என்று நினைப்பார்கள். உண்மை வேறு. வீட்டில் ஒரு தோடம்பழம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காம்பு இருக்கும் பக்கம் வடதுருவம். பழத்தின் இடுப்புக்குச் சற்று மேலே ஓர் ஈர்க்குத் துண்டைக் குத்துங்கள். அது கொழும்பு. பழத்தின் மறுபக்கத்தில், இடுப்புக்கும் காம்புக்கும் நடுவில் இன்னொன்றைக் குத்துங்கள். அது ரொறன்ரோ. கொழும்பு கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அருகிலும் ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அருகிலும் இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கங்கள் என்பது இதனால் விளங்கும். இப்போது ஒரு நூலை இரண்டு ஈர்க்கையும் தொட்டு இறுக்கிப் பிடியுங்கள். நூல் பழத்தின் இடுப்பைச் சுற்றிப் போகாது. காம்புப் பக்கமாக ஏறி மறுபக்கம் இறங்கும். இந்தியா, மத்திய ஆசியா, ரஷ்யா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் குளிர்ப் பிரதேசத்தைத் தொட்டு, கனடாவின் மேற்பகுதியிலிருந்து கீழே இறங்குவதுதான் ஆகக் குறுகிய வழி.

எத்தனை மணித்தியாலம்?

பெரிய பயணிகள் விமானம் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. 14,000 ஐ 900 ஆல் பிரித்தால் பதினைந்தரை மணித்தியாலம் வரும். ஆனால் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமான சேவை இல்லை. அவ்வளவு தூரம் பறக்கும் விமானம் இல்லாததால் அல்ல. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு ஏறத்தாழ 15,300 கிலோமீற்றரை 18 மணித்தியாலத்துக்கு மேல் இடையில் இறங்காமலே பறக்கும் சேவை இருக்கிறது. அத்தகைய விமானத்தை ஒவ்வொரு நாளும் நிரப்பும் அளவுக்கு ஆட்கள் இருந்தால்தான் ஒரு நிறுவனத்துக்குக் கட்டும்.

ஆகவே எங்கள் பயணம் இரண்டு துண்டுகளாக அமைகிறது. வழமையான நாட்களில் டுபாய் வழியாகப் போனால், கொழும்பிலிருந்து டுபாய்க்கு ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 11,100 கிலோமீற்றர், 14 மணித்தியாலம் வரை. லண்டன் வழியாகப் போனால் முதல் துண்டு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், 11 மணித்தியாலம். இரண்டாவது 5,700 கிலோமீற்றர், ஏறத்தாழ 8 மணித்தியாலம். கூட்டிப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் 14,400 கிலோமீற்றருக்குக் கிட்டத்தான் வருகிறது. பறக்கும் நேரமும் 19 மணித்தியாலம் அளவில்தான். வித்தியாசத்தை உண்டாக்குவது இடையில் காத்திருக்கும் நேரம். மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் பயணம் 22 மணித்தியாலத்தில் முடியும். மலிவு ரிக்கெற் என்று பத்து மணித்தியாலம் காத்திருக்க வைத்தால் முப்பதை எட்டும்.

திரும்பி வரும்போது நேரம் குறையும். பூமியின் நடுப்பகுதிக்கு வடக்கே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கிறது. மாரி காலத்தில் அது இன்னும் உறுதியாக வீசும். கிழக்கே வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே போகும் விமானத்தை முன்னாலிருந்து தடுக்கும். கச்சான் காற்று வீசும் நாளில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரிக்கெற்றில் உள்ள நேரக் கணக்கு

ரிக்கெற்றைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அதில் போடப்படும் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். இலங்கை நேரம் ரொறன்ரோ நேரத்துக்கு மாரி காலத்தில் பத்தரை மணித்தியாலம் முந்தியது. அங்கே மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஆகவே அந்தக் கோடைகாலத்தில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறுகிறீர்கள். 22 மணித்தியாலப் பயணம். எங்கள் நேரப்படி நீங்கள் இறங்குவது ஞாயிறு காலை 8 மணிக்கு. ஆனால் மாரி காலமானால் ரொறன்ரோ மணிக்கூட்டில் அப்போது சனி இரவு 9.30 தான். ரிக்கெற்றை மட்டும் பார்த்தால் பதினொன்றரை மணித்தியாலப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது இதற்கு மறுதலை. அங்கே சனி இரவு 9 மணிக்கு ஏறி 20 மணித்தியாலம் பயணம் செய்தால், இங்கே இறங்குவது திங்கள் அதிகாலை 3.30 க்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். போகும்போது கூடுதலாகக் கிடைத்த பத்தரை மணித்தியாலத்தைத் திரும்பும்போது கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இது எங்கள் பெண்களுக்குப் புதிய விடயமும் அல்ல. 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியபோது வன்னியில் பழைய நேரமே நடந்தது. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை ஒரே தீவில் இரண்டு நேரம் இருந்தது. ஓமந்தையைத் தாண்டும்போது "புது நேரமோ பழைய நேரமோ?" என்று கேட்டு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்பியவர்கள் நாங்கள். பத்தரை மணித்தியாலத்தையும் அதே மாதிரித் திருப்பப் பழகலாம்.

யுத்தம் நீட்டும் தூரம்

கிலோமீற்றர் மாறாமல் இருக்கும்போதே பயணம் நீண்டுவிடும் என்பதையும் நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான 400 கிலோமீற்றர் என்றைக்கும் அதே 400 தான். தொண்ணூறுகளில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களுக்கு அது நாட்கணக்கான பயணம். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது ஒரு நாள். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியபோது, பாஸ் எடுத்து, பெயர் வரும்வரை காத்திருந்து, திருகோணமலைக்குக் கப்பலிலோ இரத்மலானைக்கு விமானத்திலோ போக வேண்டியிருந்தது. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் ஆகாயத்தில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர்தான். விமானம் பறந்த நேரத்தை விட அதில் ஏறக் காத்திருந்த நாட்கள்தான் அதிகம்.

பெரிய விமானப் பாதைகளிலும் இதுவே நடக்கிறது. 2022 இல் உக்ரேன் யுத்தம் தொடங்கியபின் ஐரோப்பிய, கனேடிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டது. பின்லாந்தின் தலைநகரிலிருந்து ரோக்கியோவுக்கு முன்பு ஒன்பது மணித்தியாலம் அளவில் போன விமானம், சுற்றிப் போவதால் பதின்மூன்று மணித்தியாலம் அளவு எடுத்தது. 2025 யூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியபோது பல விமானங்கள் வேறு நாடுகளில் இறங்கின. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நாட்கணக்கில் விமானங்கள் பறக்கவில்லை. ஆகவே பயணத் தினத்துக்கு முதல்நாள் விமானம் போகிறதா என்று விசாரிக்காமல் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டாம்.

அண்ணன் ஏன் வரவில்லை?

இனி இரண்டாவது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். செத்தவீட்டுக்குப் பிள்ளை வந்து சேர எவ்வளவு நேரம் வேண்டும்? மாரி காலத்தில், இங்கே செவ்வாய் அதிகாலை 6 மணிக்குத் தாயார் காலமானால் அங்கே திங்கள் இரவு 7.30. மகன் செய்தி கேட்டு, லீவு சொல்லி, பணம் புரட்டி, செவ்வாய் இரவு விமானத்தில் இடம் பிடித்து, 9 மணிக்கு ஏறினால் வியாழன் அதிகாலை 3.30 க்குக் கட்டுநாயக்க. அங்கிருந்து வானில் கிளிநொச்சிக்கு வர மத்தியானம் ஆகிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 54 மணித்தியாலம். கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால் இலங்கைக்கு வர இணையத்தில் முன் அனுமதியும் பெற வேண்டும். ஆகவே "நாளைக்கே வந்திடுவான்" என்று யாரும் ஊருக்குச் சொல்லக்கூடாது. பூதவுடலை மலர்ச்சாலையில் பதப்படுத்தி வைத்திருப்பதானால் குறைந்தது மூன்று நாளுக்கென்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

ஆனால் வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். கணவரை 2009 இல் இழந்தவர். இரண்டு பிள்ளைகளோடு, படுத்த படுக்கையாக இருந்த தாயாரையும் நான்கு வருடம் பார்த்தவர். தாயார் காலமானபோது ரொறன்ரோவில் இருந்த அண்ணன் காசு அனுப்பினார். ஆள் வரவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். "பதினெட்டு மணித்தியாலம் பிளேனிலை இருந்தா வந்திடலாம், அவனுக்கு மனமில்லை" என்று சனங்கள் பேசின. இவருக்கும் அது சரியாகவே பட்டது. அண்ணனின் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். மூன்று வருடம் கதையில்லை.

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். "அண்ணைக்குக் கனடாச் சிற்றிசன் கிடைச்சிட்டுதோ?" அவருக்குத் தெரியவில்லை. இல்லை என்பது பிறகு தெரிந்தது. அண்ணன் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அதன் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர். குடியுரிமை இன்னும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கனடா கொடுக்கும் அகதிப் பயணப் பத்திரத்தில் உலகத்துக்கு எல்லாம் போகலாம், தப்பி வந்த நாட்டுக்குத் தவிர. அதற்கு மேல், 2012 இல் கனடா செய்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அகதிப் பாதுகாப்பு வழியாக நிரந்தர வதிவிடம் பெற்றவர் தன் நாட்டுக்கே போய் வந்தால், "இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை" என்று அரசு வழக்கு வைக்கலாம். அதில் தோற்றால் பாதுகாப்போடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். குடியுரிமை எடுத்தவருக்கு இந்தப் பயம் இல்லை. அந்த அண்ணன் வந்திருந்தால், தன் மனைவி பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குத் திரும்பிப் போக முடியாமற் போயிருக்கக் கூடும்.

இதையெல்லாம் அவர் தங்கைக்கு ஏன் சொல்லவில்லை? செத்தவீட்டு நேரத்தில் சட்டம் கதைத்தால் சாட்டுச் சொல்வதாக நினைப்பார்கள் என்று பேசாமல் இருந்தாராம். தங்கை என்னிடம் சொன்னார், "அக்கா, எல்லாரும் மணித்தியாலத்தைத்தான் சொன்னவை. இந்தப் பேப்பருகளை ஒருதரும் சொல்லேல்லை." இப்போது அண்ணனோடு பேசுகிறார். பழைய மாதிரி இல்லை. சில நேரம் கோபம் வருகிறது என்றும் சொல்கிறார். தாயாரை நான்கு வருடம் தனியே தூக்கித் துடைத்த உழைப்புக்கு இந்த விளக்கம் ஈடாகாது. ஆனாலும் மனமில்லாமல் வராததும் வழியில்லாமல் வராததும் ஒன்றல்ல. எங்கள் வீடுகளில் பேச்சு அறுந்துபோன எத்தனையோ உறவுகளுக்கு நடுவில் இப்படி ஒரு பத்திரம் கிடக்கலாம். தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்டுப் பாருங்கள். அங்கிருப்பவர்களும் பயணம் செய்ய முன் தங்கள் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். உறவினர் சொன்னார் என்று ரிக்கெற் எடுக்கக்கூடாது.

வளைகுடாவுக்குப் பணிப்பெண்களாகப் போன சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைந்த தூரத்தில் இருந்துகொண்டு, கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரிக்குள் பூட்டியிருந்ததால், பெற்ற பிள்ளையின் முகத்தை வருடக்கணக்காகப் பார்க்காமல் இருந்தவர்கள் எங்கள் கூட்டங்களிலேயே இருக்கிறார்கள்.

முகவர் சொல்லும் இருபது மணித்தியாலம்

மூன்றாவது சகோதரியின் மகனுக்கு இருபத்திரண்டு வயது. "இருபது மணித்தியாலத்திலை கனடா" என்று முகவர் சொன்னாராம். காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார். அவரிடம் நான் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். எந்த விமானம், எந்த ஊர் வழியாக? வீசா யாருடைய பெயரில், என்ன வகை? அந்த வீசாவை முதலில் கண்ணால் காட்டுவாரா? விமான நிறுவனங்கள் வீசா இல்லாதவரை ஏற்றினால் தண்டப்பணம் கட்ட வேண்டும். அதனால் ஏறும் வாசலிலேயே கடவுச்சீட்டையும் வீசாவையும் பார்ப்பார்கள். ரிக்கெற் மட்டும் இருந்தால் யாரும் கனடாவில் இறங்க முடியாது.

வீசா இல்லாத "கனடாப் பயணம்" எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு கப்பல்கள் சாட்சி. 2010 இல் எம்.வி. சன் சீ என்ற கப்பல் 492 தமிழருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் 63 பேர் பெண்கள், 49 பேர் சிறுவர்கள். தாய்லாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் கிடந்து போனார்கள். வழியில் ஒருவர் இறந்தார். கரை இறங்கிய பின்பும் பலர் மாதக்கணக்காகத் தடுப்பில் இருந்தார்கள். 2022 நவம்பரில் 303 இலங்கையர் கனடாவை நோக்கிப் போன இன்னொரு கப்பல் பிலிப்பைன்ஸுக்கும் வியட்நாமுக்கும் இடைப்பட்ட கடலில் ஆபத்தில் சிக்கியது. அவ்வழியே வந்த கப்பலொன்று அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியது. கனடாவுக்கு அருகிலும் அவர்கள் போகவில்லை. கொடுத்த காசு போனது போனதுதான்.

அந்தத் தாய் கேள்விகளைக் கொண்டுபோனார். முகவர் மூன்றுக்கும் விடை சொல்லாமல் "நம்பிக்கை இல்லையெண்டா விடுங்கோ" என்றாராம். உறுதி இன்னும் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. மகனுக்குத் தாயில் கோபம் ஆறவில்லை. வேலையில்லாத பிள்ளையின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணி இருக்கிறது, பிள்ளையும் கண்முன்னே இருக்கிறான். வெளிநாட்டு வேலைக்கென்று யாரும் காசு கேட்டால், அந்த முகவர் நிலையம் பதிவு பெற்றதா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

முதன்முதலாகப் பறக்கும் அம்மாமாருக்கு

சட்டப்படி போகும் வழியும் உண்டு. கனடாவில் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ள பிள்ளை, பெற்றோரை "சூப்பர் வீசா" என்ற வகையில் அழைக்கலாம். 2022 யூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை தங்கலாம். பிள்ளையின் வருமானத்துக்கு அத்தாட்சி, பெற்றோருக்கு மருத்துவப் பரிசோதனை, மருத்துவக் காப்புறுதி ஆகியவை தேவை.

பயணத்துக்கு நான் சொல்லும் ஆலோசனைகள் இவை. ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதியச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. மொழி தெரியாதவரை ஒரு விமானத்திலிருந்து மற்றதுக்குக் கூட்டிப்போகவும் அது உதவும். இது நோயாளிக்கு உரியது என்று வெட்கப்பட வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு வேண்டுமானால் அதையும் முன்னரே பதிய வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், வைத்தியரின் கடிதத்தோடு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் "காலை, மாலை" என்பதை எந்த ஊர் நேரத்தில் பார்ப்பது என்று குழம்புவார்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுப்பது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 14 மணித்தியாலம் கால் தொங்கவிட்டு இருந்தால் கால் வீங்கும். சில வேளை இரத்தம் உறையவும் கூடும். இடையிடையே எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு கடுதாசியில் ஆங்கிலத்தில் உங்கள் பெயர், போகும் ஊர், பிள்ளையின் தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதிக் கைப்பையில் வையுங்கள். விமானம் புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். வன்னியிலிருந்து வருபவர்கள் முதல்நாள் இரவே வெளிக்கிடுங்கள். போய்ச் சேர்ந்த பின் நாலைந்து நாள் பகலில் நித்திரை தூங்கும், நடுச்சாமத்தில் விழிப்பு வரும். உடம்பு ஊர் நேரத்திலேயே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

போகாமல் இங்கேயே இருந்து பேசுபவர்களுக்கும் ஒரு சொல். எங்கள் காலை 6.30 என்பது மாரி காலத்தில் அங்கே முதல்நாள் இரவு 8 மணி. பிள்ளைகள் வேலையால் வந்து சாப்பிட்டு ஆறியிருக்கும் நேரம். எங்கள் மத்தியானம் அவர்களுக்கு நடுச்சாமம். பகல் இரண்டு மணிக்கு அழைத்துப் பார்த்துவிட்டு "எடுக்கிறான் இல்லை" என்று மனம் நோகும் அம்மாமார் அநேகர். அந்த நேரத்தில் பிள்ளை நித்திரை, அல்லது இரவு வேலை. கலண்டரில் இரண்டு ஊரின் நேரத்தையும் பக்கத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் மறக்காமல் ஒரு மணித்தியாலம் மாற்றுங்கள்.

வீசாக் கடிதம், முகவர் கொடுத்த பத்திரம் என்று விளங்காத எதுவும் கையில் இருந்தால், கையெழுத்துப் போட முன் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்திருந்து வாசிப்போம்.